மாணவரைக் கேளுங்கள், பின்னர் இயந்திரத்தை வாங்குங்கள்

பல் போனால் சொல் போச்சு என்பர் நம் முன்னோர். பல் நோவின் கொடுமை அதை அனுபவித்தவனுக்கே தெரியும். அரிவி வெட்டு நடக்கும் நாளில் கடைவாய்ப் பல் குத்தத் தொடங்கினால், கமக்காரன் கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு இரண்டு நாளைக் கழிப்பான். மூன்றாம் நாள் கன்னம் வீங்கிய பின்னரே ஆசுபத்திரிக்குப் பஸ் ஏறுவான். அங்கே அவன் வாயைத் திறந்து பார்க்கும் இளம் வைத்தியர் எங்கே கற்றார், எவ்வாறு கற்றார், எந்தக் கருவியில் கைபழகினார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. ஆனால் அவனுடைய நோவு தீர்வதும் தீராததும் அவற்றையே பொறுத்திருக்கின்றன. ஆதலால் பல் வைத்தியக் கல்வி பற்றிய வினா, பேராதனை மலைச்சாரலிலே பேராசிரியர்கள் தம்முள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விவகாரம் மட்டுமன்று. வரி செலுத்தும் நமக்கும், வாய் நோவு சுமக்கும் நமக்கும் அதில் உரிமையுண்டு.

இன்று அக்கல்வியின் வாயிலிலே வந்து நிற்பது டிஜிட்டல் தொழில்நுட்பம். பதிவு செய்யப்பட்ட விரிவுரை, கணினித் திரையில் சுழலும் பல்லின் முப்பரிமாண உருவம், மெழுகும் மாவுமின்றி வாயின் அச்சை எடுக்கும் ஒளிக்கருவி, பல்லைத் துளைக்கும் உணர்ச்சியைக் கைக்குத் தரும் பொய்ப்பயிற்சி இயந்திரம், ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்துச் சொத்தையைச் சுட்டும் செயற்கை நுண்ணறிவு எனப் பல உருவில் அது வருகின்றது. இவற்றை ஏற்பதா மறுப்பதா என்பது வினாவன்று. ஏற்றே ஆகவேண்டும். எவற்றை, எவ்வளவு, எவர் சொற்கேட்டு ஏற்பது என்பதே வினா. இவ்வினாவை விற்பனை முகவரிடமும் அமைச்சு அதிகாரியிடமும் கேட்கின்றோம். நாள்தோறும் அக்கருவியின் முன் அமரப்போகும் மாணவரிடம் மட்டும் கேட்க மறந்துவிடுகின்றோம். இம்மறதி நமக்குப் பெரும் நட்டத்தைத் தரும் என்பதே நமது கருத்து.

இயந்திரம் பல் வைத்தியத்துக்குப் புதிதன்று

பல் வைத்தியர்கள் இயந்திரத்துக்கு அஞ்சிய கூட்டத்தினர் அல்லர். 1871 ஆம் ஆண்டிலே அமெரிக்கரான மொறிசன், தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்து இயக்கும் துளைகருவியை உலகுக்குத் தந்தார். 1895 ஆம் ஆண்டின் இறுதியில் றொன்ஜன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். செய்தி பரவிச் சில வாரங்கள் செல்லுமுன், 1896 சனவரியில், ஜேர்மனியரான வால்கொவ் தம் பற்களையே அக்கதிரால் படம் பிடித்தார். அதற்காக இருபத்தைந்து நிமிட நேரம் அவர் அசையாது இருக்க நேர்ந்தது. இன்று அதே வேலை கண்ணிமைக்கும் பொழுதில் முடிகின்றது. 1957 இல் காற்றால் சுழலும் அதிவேகத் துளைகருவி வந்தது. 1985 இல் சூரிச் நகரிலே மேர்மன் என்பவரும் அவருடைய தோழர் பிராண்டெஸ்தீனியும் அமைத்த கருவி, பல்லின் குழியை ஒளியால் அளந்து, அதற்குப் பொருந்தும் பீங்கான் துண்டை நோயாளி நாற்காலியில் இருக்கும்பொழுதே கடைந்து தந்தது.

கல்வியிலும் இவ்வாறே. உயிருள்ள வாயில் கைவைக்குமுன் பொம்மைத் தலையில் கைபழக வேண்டும் என்ற முறை 1894 ஆம் ஆண்டிலே ஓஸ்வால்ட் பேர்கஸ் என்பவரால் தொடக்கப்பட்டது. அன்று தொட்டு உலகெங்கும் பல் வைத்திய மாணவர் பொம்மைத் தலையின் முன் குனிந்தே தொழில் பழகினர். இலங்கையிலே 1943 இல் கொழும்பில் தொடங்கி, 1950களில் பேராதனைக்குச் சென்ற பல் வைத்தியக் கல்வியும் அவ்வழியே வளர்ந்தது. 1990களில் யப்பானிய மக்களின் உதவியால் பேராதனையில் போதனா வைத்தியசாலை புதுப்பொலிவு பெற்றது. நெடுங்காலம் இந்நாட்டுக்கு இருந்த ஒரே பல் வைத்திய பீடம் அதுவே. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பல் வைத்தியராக விரும்பிய நம் பிள்ளைகள் அங்கேயே சென்று கற்றனர். ஆகவே அங்கே எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்பது நம் ஊர் ஆசுபத்திரிகளின் தலைவிதியையும் எழுதுகின்றது.

மாணவர் சொல்வது என்ன?

டிஜிட்டல் முறைகளைப் பற்றிப் பல நாடுகளிலே பல் வைத்திய மாணவரிடம் வினவி வெளியிட்ட ஆய்வுகள் இன்று பெருகியுள்ளன. நாடு வேறு, மொழி வேறு, செல்வநிலை வேறு. எனினும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றது. புதிய கருவிகளை மாணவர் மனமுவந்து வரவேற்கின்றனர். ஆனால் அவை ஆசிரியரின் இடத்தையும் நோயாளியின் இடத்தையும் பிடித்துக்கொள்வதை அவர்கள் விரும்பவில்லை. பழையதும் புதியதும் கலந்த கல்வியையே அவர்கள் கேட்கின்றனர். இளைஞர் என்றால் கைத்தொலைபேசிக்கு அடிமை என்று எள்ளும் பெரியோர் இவ்விடையை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

அவர்கள் வரவேற்பவற்றுக்குத் தக்க காரணங்கள் உண்டு. ஒரு நாற்காலியில் ஒரு நோயாளி. அவர்மேல் குனிந்து நிற்கும் ஓர் ஆசிரியர். சுற்றிலும் பத்து மாணவர். ஆசிரியர் செய்து காட்டும் வேலை ஒரு நெல்மணியளவு இடத்தில் நடக்கின்றது. முன்னே நிற்கும் இருவருக்குத் தெரியும். மற்றவர்க்கு ஆசிரியரின் முதுகே தெரியும். ஒரு சிறு ஒளிப்படக்கருவியும் ஒரு திரையும் இருந்தால் பத்துப் பேரும் காண்பர். பதிவு செய்தால் பரீட்சைக்கு முதல்நாளும் காண்பர்.

மேல்தாடையின் முதற் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள் என்று புத்தகம் கூறும். அவ்வேர்களுக்குள்ளே பெரும்பாலும் நான்கு கால்வாய்கள் ஓடுகின்றன. நான்காவது கண்ணுக்கு எளிதில் அகப்படாது. அதைக் காணாது விட்டவர் செய்த வேர்ச்சிகிச்சை பிழைத்துப்போகலாம். நோயாளி மறுபடியும் நோவோடு வருவார். தட்டையான படத்தில் விளங்காத இவ்வுண்மை, பல்லை எல்லாப் பக்கமும் திருப்பி உள்ளே நுழைந்து பார்க்கும் முப்பரிமாண உருவத்தில் ஒரு நொடியில் விளங்கும்.

இன்னுமொன்று. மாணவர் பொம்மைப் பல்லைச் சீவி வைத்தால் ஓர் ஆசிரியர் நன்று என்பார். மற்றவர் குறை காண்பார். இப்பொழுது அப்பல்லை ஒளிக்கருவியால் அளந்து, செம்மையாகச் சீவிய பல்லின் உருவத்தோடு ஒப்பிட்டு, எங்கே மிகையாகச் சீவினாய், எங்கே குறையாகச் சீவினாய் என்பதை நிறம் தீட்டிக் காட்டலாம். அளவுகோல் எல்லார்க்கும் ஒன்றாகின்றது. முகம் பார்த்துப் புள்ளியிடுகின்றனர் என்ற மனக்குறைக்கும் இடமில்லாது போகின்றது.

அவர்களுடைய தயக்கத்துக்கும் தக்க காரணங்கள் உண்டு. பொய்ப்பயிற்சி இயந்திரத்திலே ஊசிமுனை போன்ற கருவியைப் பிடித்தால், பல்லின் வெளிச்சிப்பி கடினமாகவும் சொத்தை மென்மையாகவும் கைக்கு உணர்த்தப்படும். பிழை விட்டால் பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். பொம்மைப் பல் வாங்கும் செலவில்லை. ஆனால் அங்கே உமிழ்நீர் பெருகுவதில்லை. நாக்கு குறுக்கே வருவதில்லை. அஞ்சிய குழந்தை கையைத் தட்டிவிடுவதில்லை. கிழவி ஒருத்தி, “தம்பி, மெல்ல” என்று முனகுவதுமில்லை. உயிருள்ள வாயிலே பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கவும் முடியாது. இயந்திரம் பிழையைக் காட்டும். அப்பிழை ஏன் நேர்ந்தது, விரலை எங்கே ஊன்றினால் நேராது என்பதைத் தோளருகே நிற்கும் ஆசிரியரே காட்டுவார். மாணவர் இதைத் தாமே உணர்ந்து சொல்லுகின்றனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியை நாம் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை; திரைச் சுரைக்காயும் உதவாது என்பதை அவர்கள் அறிவர்.

மூன்று ஆண்டுகள் கற்பித்த பாடம்

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோய்க்கு அஞ்சிப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. துளைகருவி சுழலும்பொழுது உமிழ்நீர் புகைபோலப் பரவுமாகையால், பல் வைத்தியக் கூடங்களே பெரும் ஆபத்துடையனவாகக் கருதப்பட்டன. உலகெங்கும் பல் வைத்திய மாணவர் நோயாளியைத் தொடும் வாய்ப்பை இழந்தனர். விரிவுரைகள் இணையவழிச் சென்றன. நம் நாட்டிலே பல்கலைக்கழக வலையமைப்பும் தொலைபேசிக் கம்பனிகளும் கைகொடுத்ததால், மாணவர் கட்டணமின்றிப் பாடம் கேட்க ஓரளவு வழி பிறந்தது. இது பாராட்டத் தக்கதே.

ஆனால் கட்டணமின்மை மட்டும் கல்வியாகுமா? அலை எட்டாத ஊரில் இருந்தவனுக்கு இலவசமும் எட்டவில்லை. ஊவா மாகாணத்தின் மலைக்கிராமம் ஒன்றிலே பிள்ளைகள் காட்டுவழி நடந்து உச்சிப் பாறையில் ஏறிப் பாடம் கேட்ட செய்தி 2021 இல் உலகப் பத்திரிகைகளிலும் வந்தது. மடிக்கணினி உள்ள வீட்டுப் பிள்ளையும், உள்ளங்கையளவு தொலைபேசித் திரையில் ஊடுகதிர்ப் படத்தைத் தேடிய பிள்ளையும் ஒரே பரீட்சையைத்தான் எழுதினர். பின்னர் 2022 வந்தது. நாட்டின் கையிருப்பில் டொலர் இல்லை, மருந்தில்லை, எரிபொருளில்லை. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்றது. மின்சாரமில்லாத வீட்டிலே டிஜிட்டல் கல்வி என்பது எண்ணெயில்லாத விளக்கு.

இம்மூன்று ஆண்டுகள் நமக்கு இரண்டு உண்மைகளைக் கற்பித்தன. இயந்திரவழிக் கல்வி இல்லாவிடில் அக்காலத்தில் படிப்பே நின்றிருக்கும் என்பது ஒன்று. இயந்திரத்தை மட்டும் நம்பினால் வறியவன் பிள்ளை பின்தள்ளப்படுவான் என்பது மற்றது. ஓர் உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை மறப்பவர் கல்விக்கு நன்மை செய்யார்.

துலாவும் பம்பியும்

நம் கமக்கார வாசகர்க்கு இதை விளக்க வேறு உதாரணம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலே ஒரு காலம் துலா மிதித்து நீர் இறைத்தோம். ஒருவன் துலாவில் நடக்க, ஒருவன் பட்டை பிடிக்க, ஒருவன் வாய்க்கால் கட்ட, விடியற்காலையில் தொடங்கிய இறைப்பு வெயில் ஏறும்வரை நடக்கும். பின்னர் நீர்ப்பம்பி வந்தது. முதுகு நிமிர்ந்தது, விளைச்சலும் பெருகிற்று. பம்பியை எவரும் பழிக்கமாட்டார். ஆனால் அளவறியாது இறைத்த இடங்களிலே கிணறு உவர்த்தது. சுண்ணக்கல்லின் அடியில் தேங்கிய நன்னீர் வற்ற, கடல்நீர் உட்புகுந்தது. கிணற்றின் ஆழமும் ஊற்றின் வேகமும் அறிந்து இறைத்தவன் தன் தோட்டத்தைக் காத்தான்.

பல் வைத்தியக் கல்வியிலும் ஊற்று ஒன்றுண்டு. அஃது நோயாளியின் அருகே மாணவன் கழிக்கும் நேரம். இயந்திரம் அந்நேரத்தைப் பெருக்கினால் நன்று, உறிஞ்சினால் தீது. பொம்மைத் தலையில் தடுமாறும் நாட்களைக் குறைத்து, தேறிய கையோடு நோயாளியிடம் அனுப்புமாயின் இயந்திரம் வாழ்க. “இயந்திரத்தில் நூறு முறை செய்துவிட்டாயே, நோயாளியில் பத்து எதற்கு?” என்று கணக்கைச் சுருக்குவதற்கு அது சாட்டாகுமாயின், கிணறு உவர்க்கத் தொடங்கிவிட்டது என்று அறிக.

வேறொன்றையும் எண்ணுதல் வேண்டும். கற்று வெளியேறும் இளைஞர் எல்லாரும் கொழும்பின் பளிங்குக் கூடங்களில் அமரப்போவதில்லை. பலர் மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் மூதூருக்கும் மொனறாகலைக்கும் அனுப்பப்படுவர். அங்கே ஒளிக்கருவி இராது. சிலவேளை துளைகருவியே பழுதாயிருக்கும். மாவைக் குழைத்து அச்செடுக்கவும், கண்ணாடியும் கொக்கியும் கொண்டு நோயறியவும் தெரியாத வைத்தியர் அங்கே என்ன செய்வார்? ஆகவே புதியதைக் கற்பிக்கும் பீடம் பழையதைக் கைவிடலாகாது. கற்பவர்க்கு இது இரட்டைச் சுமைதான். ஆனால் இந்நாட்டின் நிலை அதுவே.

மொழியும் மானமும்

தமிழிலே உயர்தரம் படித்த பிள்ளை பேராதனையிலே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கின்றான். முதலாண்டில் பாதி விளங்கும். பாதி காற்றோடு போகும். எழுந்து கேட்க வெட்கம் தடுக்கும். பதிவு செய்த விரிவுரை இவனுக்குச் செய்யும் உதவி, செல்வர் வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவனுக்குத் தெரியாது. இரவில் நிறுத்தி, திருப்பி, மூன்றாம் முறை கேட்டு, அகராதி பார்த்து அவன் தெளிவு பெறுகின்றான். சிங்கள மொழியில் படித்து வந்த பிள்ளைக்கும் இதே துன்பம், இதே உதவி. எனவே விரிவுரைகளைப் பதிவு செய்தல் சோம்பேறி மாணவர்க்குச் செய்யும் சலுகை என்று சில ஆசிரியர் கருதுவாராயின், அது பெருந்தவறு.

நோயாளியின் மொழியும் உண்டு. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. நாளை வைத்தியசாலைப் பதிவேடுகள் கணினிக்குச் செல்லும்பொழுது, தோட்டத் தொழிலாளியின் நோவு அவளுடைய மொழியிலே பதியப்படுமா? பல் துலக்கும் முறையையும், பல்லைப் பிடுங்கியபின் செய்யவேண்டியதையும் விளக்கும் திரைப்படங்கள் தமிழிலும் சிங்களத்திலும் உண்டா? இவற்றை ஆக்கும் பணியை மாணவரிடமே ஒப்படைக்கலாம். தம் தாய்க்கு விளங்கும் மொழியில் நோயை விளக்கத் தெரிந்தவரே அந்நோயை முற்றாகக் கற்றவர்.

வெற்றிலை போடும் வழக்கம் நம் மக்களிடையே இன்னும் இருக்கின்றது. பாக்கும், பாக்கோடு கூடிய வெற்றிலையும் புற்றுநோயை உண்டாக்குவன என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட நூல் உறுதி கூறிற்று. இலங்கை ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கின்றது. கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெண்திட்டைத் தொடக்கத்திலே கண்டால் உயிர் தப்பும். ஆயிரம் வெண்திட்டுகளின் படங்களைத் திரையில் பார்த்துப் பழகிய மாணவனின் கண் ஆயிரத்தோராவதைத் தவறவிடாது. நாளை அவன் வவுனியாவிலிருந்து ஒரு படத்தை அனுப்பிக் கண்டியிலுள்ள நிபுணரின் கருத்தை அன்றே பெறலாம். டிஜிட்டல் தொழில்நுட்பம் ஏழைக்குப் பயன்படும் இடம் இதுவே. பளபளக்கும் இயந்திரத்தினும் இவ்வெளிய வழியே நமக்கு முதன்மையானது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. நோயாளியின் வாயும் முகமும் அவருடைய உடைமை. அவற்றைக் கைத்தொலைபேசியில் பிடித்து நண்பர் கூட்டத்துக்கு அனுப்புவது கல்வியன்று, நம்பிக்கைத் துரோகம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியுள்ளது. சட்டத்தை அச்சிட்டால் போதாது. படம் எடுக்குமுன் நோயாளிக்கு விளங்கும் மொழியில் இசைவு கேட்கும் பழக்கம் முதலாண்டிலே ஊட்டப்படுதல் வேண்டும்.

நாம் கோருவன

நாம் இலவசக் கல்வியின் பிள்ளைகள். 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த அத்திட்டம், கூலிக்காரன் மகனையும் கமக்காரன் மகளையும் வைத்தியராக்கிற்று. கட்டணம் இல்லை என்று கூறிவிட்டு, மடிக்கணினியும் இணைப்பும் நீயே வாங்கு என்பது வாயிலைத் திறந்து படியை இடிப்பதற்கு ஒப்பாகும். ஆகவே நாம் கோருவன இவை:

முதலாவது, கோடி ரூபாவைத் தாண்டக்கூடிய பயிற்சி இயந்திரம் எதையும் வாங்குமுன், அதைப் பயன்படுத்தப்போகும் மாணவரின் கருத்து எழுத்திலே பெறப்பட்டு, அம்முடிவில் அதற்கு இடமளிக்கப்படல் வேண்டும். மூன்று மொழிகளிலும், பெயர் குறியாமல் எழுதும் உரிமையோடு அக்கருத்துப் பெறப்படல் வேண்டும்.

இரண்டாவது, வாங்கும் விலையோடு பராமரிக்கும் செலவும் ஆண்டுதோறும் செலுத்தும் உரிமக் கட்டணமும் சேர்த்தே கணக்கிடப்படல் வேண்டும். திறப்பு விழாவுக்கு மாலையணிந்து, மறு ஆண்டே உதிரிப்பாகமின்றித் துணி போர்த்திக் கிடக்கும் இயந்திரத்தால் மாணவர்க்குப் பயனில்லை. டொலர் மட்டுமே வெளியேறும்.

மூன்றாவது, கணினிக்கூடங்களும் இணையத் தொடர்பும் விடுதிகளிலே இரவிலும் திறந்திருத்தல் வேண்டும். வசதியற்ற மாணவர்க்கு மடிக்கணினி நூலகப் புத்தகம்போல இரவல் தரப்படல் வேண்டும்.

நான்காவது, நோயாளியின் அருகே மாணவர் கழிக்கும் மணிநேரம் எக்காரணம் கொண்டும் குறைக்கப்படலாகாது.

ஐந்தாவது, ஆசிரியர்க்கும் பயிற்சி வேண்டும். புதிய கருவியில் மாணவருக்கு ஒரு நாள் பின்னே நிற்கும் ஆசிரியர் அதை வெறுப்பார். ஒரு நாள் முன்னே நிற்பவர் அதைக் கற்பிப்பார்.

இவை பெருஞ்செல்வ நாட்டுக்கு மட்டும் உரிய கோரிக்கைகள் அல்ல. வறிய நாட்டுக்கே இவை பெரிதும் உரியன. செல்வன் தவறான கருவியை வாங்கினால் மற்றொன்றை வாங்குவான். நாம் தவறினால், அத்தவறை இருபது ஆண்டு சுமப்போம்.

கன்னம் வீங்கிப் பஸ் ஏறிய அக்கமக்காரனை மீண்டும் நினைப்போம். அவன் ஒளிக்கருவியைக் கேட்கவில்லை. செயற்கை நுண்ணறிவையும் கேட்கவில்லை. நடுங்காத ஒரு கையையும், தன் மொழியில் ஆறுதல் கூறும் ஒரு வாயையும் கேட்கின்றான். அக்கையை உறுதியாக்க இயந்திரம் உதவுமாயின், அதை இன்றே கொண்டுவருக. உதவுமா என்பதை அக்கைக்கு உரியவரான மாணவரே அறிவர். அவர்களைக் கேட்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.